கழன்று வந்த ஆன்லே: உங்களிடம் வந்த கேஸைச் சொல்லுங்கள்

மாடிக் கிளினிக்:
ஒரு அம்மா ஈமேக்ஸ் (லித்தியம் டைசிலிகேட் செராமிக்) ஆன்லேயை, அதாவது பல்லின் கடிக்கும் பரப்பை மூடி ஒட்டும் துண்டை, டிஷ்யூவில் மடித்துக் கொண்டுவந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், வேறு இடத்தில் போட்டது. விரிசல்கூட இல்லை, முழுசாக இருந்தது. லூப் போட்டுத் திருப்பிப் பார்த்தால் சிமென்ட் மொத்தமும் செராமிக்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, பல்லில் துளியும் இல்லை. ஆக செராமிக்கை ஒழுங்காகத்தான் எட்ச் செய்து (அமிலத்தால் சொரசொரப்பாக்கி) சைலேன் (செராமிக்கையும் சிமென்ட்டையும் இணைக்கும் திரவம்) போட்டிருக்கிறார்கள், பிடிப்பு விட்டது பல் பக்கம். பல்லைச் சுற்றி எனாமலே (பல்லின் கடினமான வெளிப்படலம்) இல்லை. மெட்டல் கிரவுனுக்குச் செதுக்குவதுபோல நாலு பக்கமும் இறக்கி, மார்ஜினை (ஓரத்தை) டென்டினில் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கில்) கொண்டுபோய் முடித்திருந்தார்கள். ஒட்டி நிற்கிற ஆன்லேக்கு எதற்கு அவ்வளவு உயரச் சுவர்? எனாமலை எடுத்துவிட்டு எதில் ஒட்டுவது? "டாக்டர், இதையே திரும்ப ஒட்டிக் கொடுத்துடுங்களேன்" என்று அந்த அம்மா கேட்டது இன்னும் மனசை அரிக்கிறது.

லேப்காரன்:
எனாமலை மட்டும் பேசினால் எப்படி சார்? எங்களுக்கு வரும் ஸ்கேனில் உள்கோணமெல்லாம் கூராக இருக்கும். மில்லிங் பர்ரின் (செராமிக்கைக் குடையும் சுழல்கருவியின்) முனை உருண்டை, அது நுழையாத மூலையில் மெஷின் கூடுதலாகக் குடைந்துவிடும், அங்கே செராமிக் மெலிந்து சிமென்ட் தடிக்கும். ஒரு கேஸில் நடுப்பள்ளத்தில் 0.6 மி.மீ. தான் இடம். போன் போட்டு, ஒரு மில்லிமீட்டராவது வேண்டும் என்றேன். "அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்க" என்றார்கள். இரண்டாகப் பிளந்து திரும்பி வந்தது, பிளவு சரியாக அந்தப் பள்ளத்தின் வழியே.

பிஜி மாணவி:
லேப் அண்ணா, முதல் கேஸ் உடையவில்லையே, கழன்றதுதானே? அதற்குத் தடிமனைச் சொல்ல முடியாது. நான் பார்த்தது, ட்ரை-இன்னில் (ஒட்டும் முன் வாயில் வைத்துப் பார்க்கும்போது) எச்சில் பட்டதைத் தண்ணீரில் கழுவி அப்படியே ஒட்டினார்கள், அதுவும் கழன்றது. தயவுசெய்து ட்ரை-இன் முடிந்த பிறகு எட்ச் செய்யுங்கள், லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் 20 விநாடி போதும், அப்புறம் சைலேன். டென்டின் திறந்துவிட்டால் பல்லைச் செதுக்கிய அன்றே, அளவெடுக்கும் முன்பே, பாண்டிங் (ஒட்டுத் திரவம்) போட்டு மூடிவிடுங்கள், பல் மருத்துவ ஆய்வாளர் பாஸ்கல் மான்யே வருடக்கணக்காக வலியுறுத்துவது இதைத்தான். டெம்பரரிக்கு (இடைக்காலத் துண்டுக்கு) யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) கலந்த சிமென்ட் வேண்டாம். ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் விரிப்பு) கட்டாயம். சிர்கோனியாவுக்கு (இன்னொரு வகை செராமிக்) மட்டும் இதே முறையைக் கொண்டுபோகாதீர்கள், அதில் கண்ணாடி இல்லாததால் இந்த எட்ச் பலிக்காது. அலுமினா பொடி அடித்து எம்டிபி (சிர்கோனியாவோடு பிணையும் வேதிப்பொருள்) உள்ள பிரைமர் போட வேண்டும்.