ராத்திரியில கை மதமதன்னு ஆகுது, குளிர்தான் காரணமா?

அரவேணு தேயிலை

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழ அரவேணு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கு. ஆள் கிடைக்காததால நானும் வீட்டுக்காரரும்தான் இலை எடுக்கிறோம். கையில கிள்ளி எடுத்த காலம் போச்சு, இப்ப எல்லாம் கத்தரிதான். எனக்கு வயசு 44.

மழைக்கு அப்புறம் கொழுந்து நிறைய வந்ததில இருந்து வலது கை மதமதன்னு ஆகுது. பகல்ல அவ்வளவா தெரியல. நடு ராத்திரியில தூக்கத்தைக் கலைச்சு எழுப்பி விட்டுடுது. எறும்பு ஊறுற மாதிரி இருக்கு, சில நேரம் சுள்ளுன்னு எரியுது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினா கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. இடது கையிலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. போன வாரம் பால் பாத்திரத்தை அடுப்புல இருந்து இறக்கும்போது பிடி நழுவிடுச்சு. அதுக்கப்புறம்தான் பயம் வந்தது.

மாமியார் குளிர்காத்துதான்னு சொல்லி தைலம் தேய்ச்சு விடுறாங்க. மருந்துக்கடையில நரம்புத் தளர்ச்சின்னு பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்தாங்க. எங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, எனக்கும் அதுதானா? இல்ல பக்கவாதத்துக்கு அறிகுறியா? கோயம்புத்தூருக்கு இறங்கினா ஒரு நாள் முழுக்கப் போயிடும், இலையும் முத்திடும். போறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேத்தி கேரட்

அக்கா, எனக்கும் விரல் மரக்கிற தொந்தரவு உண்டு, ஆனா உங்களது வேற மாதிரி தெரியுது. நான் களை வெட்டுற மெஷின் பிடிக்கிறவன். டிசம்பர், ஜனவரி உறைபனியில காலையில தண்ணியைத் தொட்டா ரெண்டு மூணு விரல் நுனி வெள்ளை வெளேர்னு ஆயிடும். வெளுத்தது எங்க முடியுதுன்னு கோடு தெளிவாத் தெரியும். அப்புறம் நீலம் பாயும், சூடு ஏற ஏற சிவந்து குத்தும். விரலுக்குப் போற சின்ன ரத்தக்குழாய் குளிர்ல சுருங்கிக்கிறதால இப்படி ஆகுதுன்னு டாக்டர் சொன்னார், ரேனாட்னு பேர். மெஷின் அதிர்வு வருஷக்கணக்கா கையில ஏறினாலும் இது வருமாம். பீடியை விடச் சொன்னார், விட்டுட்டேன். கையுறை மட்டும் போட்டா பத்தாது, உடம்பையும் சூடா வெச்சுக்கணும். உங்க விரல் நிறம் மாறுதா பாருங்க. மாறலைன்னா குளிர் மேல சந்தேகப்பட வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலியர், குன்னூர்

தங்கச்சி, மலையில இருக்கிறவங்க எந்த நோவு வந்தாலும் முதல்ல குளிர் மேலதான் பழி போடுவோம். வார்டுல வேலை பார்த்த காலமெல்லாம் இதைப் பார்த்து மனசு நொந்திருக்கேன். குளிர்னு சொல்லித் தைலம் தேய்ச்சுக்கிட்டே இருக்கிற மாசங்கள்லதான் நரம்பு கெட்டுப் போகுது. எந்த விரல், எந்த நேரம்னு மட்டும் சரியா கவனிச்சுச் சொல்லுங்க, பாதி விவரம் அதுலயே வந்துடும்.

இன்னிக்கு ராத்திரி மதமதக்கும்போதே லைட்டைப் போட்டு ஒவ்வொரு விரலா தொட்டுப் பாருங்க. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல நடுவிரல் பக்கத்துப் பாதி, இவ்வளவும் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நல்லா இருந்தா மணிக்கட்டுல நரம்பு நெருக்கப்படுதுன்னு சந்தேகப்படலாம். கார்பல் டனல்னு சொல்வாங்க. மணிக்கட்டு எலும்புக்கும் அதுக்கு மேல இருக்கிற கெட்டியான பட்டைக்கும் நடுவுல ஒரு குறுகலான வழி. விரலை மடக்குற ஒன்பது தசைநாணும் இந்த நரம்பும் அதுக்குள்ளதான் போயாகணும். நாள் முழுக்கக் கத்தரியை அழுத்தி அழுத்திப் பிடிச்சா உள்ள வீங்கி, இடம் பத்தாம நரம்பு நசுங்குது. தூக்கத்துல நம்மை அறியாம மணிக்கட்டை மடக்கி வெச்சுக்கிறோம், ராத்திரி தொல்லை அதனாலதான். உதறினா அடங்குதுன்னு நீங்க எழுதினதைப் படிச்சதுமே எனக்கு இதுதான் தோணுச்சு. பிடி நழுவுறதும் இதோட சேர்ந்ததுதான். ரெண்டு புறங்கையையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, விரல் கீழ்நோக்கி இருக்க ஒரு நிமிஷம் வெச்சுப் பாருங்க. அதே மதமதப்பு வந்தா சந்தேகம் வலுக்குது.

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்தா முழங்கைப் பக்கம் பார்க்கணும். கழுத்தைத் திருப்பும்போது தோள்ல இருந்து கை வரைக்கும் வலி இறங்கினா கழுத்தெலும்பு.

சர்க்கரையில பெரும்பாலும் பாதம்தான் முதல்ல மரக்கும், கைக்கு அப்புறம்தான் வரும். ஆனா சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இந்த மணிக்கட்டுத் தொந்தரவும் சுலபமா வருது, அப்பாவுக்கு வேற இருந்திருக்கு, அதனால எச்பிஏ1சின்னு சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை பார்த்துடுங்க. 6.5 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர் அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்வார். கூடவே தைராய்டுக்கு டிஎஸ்எச்னு ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைஞ்சாலும் இதே நரம்பு நெருக்கப்படும். எடை கூடுறது, மலச்சிக்கல், மத்தவங்களைவிட அதிகமா குளிருறது இதெல்லாம் அதோட அடையாளம். சமவெளியில ஒருத்தர் ஸ்வெட்டர் போட்டு நடுங்கினா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. நம்ம ஊர்ல குளிராம என்ன செய்யும்னு விட்டுடுறோம்.

இன்னொண்ணு, வாய் விட்டுச் சொல்ல எல்லாரும் தயங்குறது. தோல்ல வெளுத்தோ சிவந்தோ ஒரு படை இருந்து அந்த இடத்துல உணர்ச்சி இல்லைன்னா, அடுப்புல சூடு பட்டும் கைக்குத் தெரியலைன்னா, ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. தொழுநோயும் நரம்பைத்தான் தாக்கும். மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 மாசமோ 12 மாசமோ சாப்பிட்டா குணமாகும், தள்ளிப் போட்டா கை ஊனமாகும். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

பக்கவாதம் இப்படி ராத்திரிக்கு ராத்திரி வந்து, உதறினா போற விஷயம் இல்ல. திடீர்னு ஒரு பக்கம் மரத்து, வாய் கோணி, பேச்சு குளறினா அந்த நிமிஷமே 108. இடது கையோட நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தாலும் அதேதான். காலும் கையும் மரத்து, சில நாளுக்குள்ள பலம் குறைஞ்சுக்கிட்டே வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

அந்த பி காம்ப்ளக்ஸை அட்டையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரை சாப்பிட்டுட்டு ரத்தத்துல பி12 வைட்டமின் அளவு பார்த்தா குறைச்சல் இருந்தும் தெரியாமப் போகலாம். பி6 அதிக அளவுல மாசக்கணக்கா போனா அதுவே கை காலை மரக்க வைக்கும்.

பூம்பாறை பூண்டு

பி12 பத்தி சிஸ்டர் சொன்னதால எழுதுறேன் அம்மா. நான் பல வருஷமா சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுறேன், எங்க வீட்டுல முட்டை கூட சேர்க்கிறதில்ல. முதல்ல உள்ளங்கால் மரத்தது, அப்புறம் ரெண்டு கை விரல் நுனியும். விதைக்குப் பூண்டு உடைக்கும்போது தோல் எது, பல் எதுன்னு விரலுக்குத் தெரியல, கண்ணால பார்த்துத்தான் பிரிச்சேன். எல்லாம் சர்க்கரையாலதான்னு நினைச்சிருந்தேன். கொடைக்கானல்ல பார்த்த டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வழவழன்னு சிவந்திருந்தது. பி12 ரொம்பக் குறைவுன்னு ரத்தத்துல வந்தது. மெட்பார்மினை ரொம்ப நாள் எடுத்தா பி12 குறையலாம், நான் அதுல மரக்கறி மட்டுமே சாப்பிடுறவன். ஊசி போட்டதும் களைப்பு சீக்கிரம் போயிடுச்சு, விரல் மெதுவாத்தான் தேறுது. கீரை சாப்பிட்டா சரியாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கீரையில பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியிலதான் இருக்கு.

அரவேணு தேயிலை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி தொட்டுப் பார்த்தேன் சிஸ்டர். சுண்டுவிரல் நல்லா இருக்கு, மத்தது நீங்க சொன்னபடியேதான். புறங்கையைச் சேர்த்து வெச்சதும் ஒரு நிமிஷம் கூட ஆகல, ஆள்காட்டி விரல்ல ஆரம்பிச்சுடுச்சு. நிறம் மாறல, தோல்ல படை எதுவும் இல்ல. ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னுதான் கவலை. இலை எடுக்கிறதை நிறுத்த முடியாது.

ஓய்வுபெற்ற செவிலியர், குன்னூர்

எடுத்ததும் ஆபரேஷன் கிடையாது, தைரியமா போங்க. ராத்திரி மணிக்கட்டுப் பட்டை கட்டிப் படுக்கச் சொல்வாங்க. மணிக்கட்டு நேரா இருக்கணும், மேல தூக்கியும் இருக்கக் கூடாது, விரல் தாராளமா அசையணும். ஆறு வாரம் போல விடாம கட்டிப் பார்க்கணும். அதுக்கும் அடங்கலைன்னா ஊசி இருக்கு. ஆபரேஷனே வந்தாலும் கையை மட்டும் மரக்க வெச்சுச் செய்ற சின்னதுதான்.

ஆனா ஒண்ணு. ரெண்டு உள்ளங்கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற சதை மேட்டைப் பாருங்க. வலது பக்கம் வத்தியிருந்தா, இல்ல விரல் நாள் முழுக்க மரத்தே இருந்தா, பட்டை கட்டிக்கிட்டு நாள் கடத்தாதீங்க. நரம்புல மின்சாரம் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு உடனே எழுதித் தரச் சொல்லுங்க.

ரத்தத்தைக் கோத்தகிரியிலயே கொடுத்து, ரிப்போர்ட்டோட போங்க, ரெண்டு தடவை இறங்குற அலைச்சல் மிச்சம். கத்தரியைச் சாணை பிடிச்சு வெச்சுக்குங்க, மொக்கைக் கத்தரிக்குத்தான் கை அதிகமா அழுத்தணும். மணிக்கட்டை மடக்காம முழங்கையோட சேர்த்து வெட்டுங்க, வரிசைக்கு வரிசை கையை இறக்கி விட்டு நில்லுங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டுக்காரர் கத்தரியைப் பிடிக்கட்டும், நீங்க மூட்டை கட்டுற வேலையைப் பாருங்க.