மாத்திரை போட்டும் நெஞ்செரிச்சல் அடங்காதவர்கள்

தூங்காவிழி:
அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கியும் எனக்கு எரிச்சல் குறையவில்லை. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் சுத்தமாக இருந்தது. “ஒன்றுமில்லை, மனக்கவலை” என்று ஒரு மருத்துவர் சொன்னபோது வந்த எரிச்சல் நெஞ்செரிச்சலைவிடப் பெரிது. அடுத்தவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, 24 மணி நேரம் அமில அளவைப் பதிவு செய்தார். எரியும்போதெல்லாம் நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அமிலம் இயல்பான அளவில்தான் ஏறியிருந்தது. நான் அழுத்திய நேரங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உணவுக்குழாய் நரம்புகள் மிகையாக உணர்கின்றனவாம். மிகையாக ஏறாத அமிலத்தை எந்த மாத்திரை குறைக்கும்? இப்போது குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து என்பதால் வீட்டில் பதறினார்கள். எரிச்சல் முழுதும் போகவில்லை, தூக்கம் வருகிறது.

மருந்துச்சீட்டு:
மருந்தாளுநராக நான் பார்ப்பது வேறு. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற இந்த மாத்திரைகள் ஏற்கெனவே சுரந்த அமிலத்தைத் தொடுவதில்லை. இரைப்பைச் செல்களில் இயங்கிக்கொண்டிருக்கும் அமிலப் பம்புகளைத்தான் அடைக்கின்றன. அந்தப் பம்புகள் பெருமளவில் விழித்துக்கொள்வது சாப்பிடும்போது. மருந்தோ ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். அதனால்தான் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்கிறோம். படுக்கப்போகும்போது விழுங்கிவிட்டு “கேட்கவில்லை” என்று வருபவர்கள் ஏராளம். சிலருடைய கல்லீரல் ஒமிபிரசோலை மிக வேகமாகச் சிதைத்துவிடுவதும் உண்டு. இதே வகையைச் சேர்ந்த ராபிபிரசோலுக்கு அந்தச் சிக்கல் குறைவு. மாற்றுவதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நடுநிசி:
எனக்கு எரிச்சல் நின்றது, எதிர்க்களிப்பு நிற்கவில்லை. குனிந்தால் சாப்பிட்டது தொண்டைக்கு வரும். இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியாக மார்புக்குள் ஏறியிருந்தது. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் தளர்ந்த வால்வை மூடாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகே சரியானது. அதன்பின் கொஞ்ச நாள் ஏப்பம் விடவே சிரமப்படுவேன் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை!

கீழ்வானம்:
என் அப்பாவுக்கு நேர்மாறு. அவருடைய வால்வு திறக்கவே மறுத்தது; அகலேசியா. தேங்கிய உணவு புளித்து எரிந்ததை அமில நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை தந்தார்கள். தண்ணீர்கூட அடைத்து, எடையும் குறைந்த பிறகுதான் உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி செய்தார்கள்.

தூங்காவிழி:
அதற்கும் மூக்கு வழியாகத்தான் குழாயா?

கீழ்வானம்:
ஆம். ஆனால் அரை மணிக்குள் எடுத்துவிட்டார்கள்.