எரரும் வரல, டேட்டாவும் வரல: மலையில உங்களுக்கு நடந்தது என்ன?

கொழுந்துக்கணக்கு:

நேரா விஷயத்துக்கு வர்றேன். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில (படுகர் ஊர்) பச்சைத் தேயிலை எடை போடுற ஷெட். எடைக்காரர் கையில இருக்கிற போன்ல ஓடுற ஆப் நான் எழுதினது. டேட்டா இருக்கிறது ஃபயர்ஸ்டோர்ல, அதாவது கூகுளோட ஆன்லைன் டேட்டாபேஸ். ஆப் அதோட பேசறது ஆண்ட்ராய்டு லைப்ரரி (ரெடிமேட் கோடு) வழியா. விவசாயி நம்பரைத் தட்டினா இந்த மாசம் எந்தெந்தத் தேதி எத்தனை கிலோன்னு காட்டி, அடியில மொத்தம் போடும். வேற ஒண்ணும் பெரிய வேலை இல்லை.

முந்தின நாள்தான் பழைய போன் மழையில நனைஞ்சு செத்துப்போய், புதுசு குடுத்திருந்தோம். டவுன்ல வெச்சு லாகின் பண்ணிக் குடுத்தேன். மறுநாள் நானும் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஐப்பசி மழை, பனிமூட்டம், சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அறுபது வயசுக்கு மேல இருக்கும், ஒரு அம்மா சாக்கை இறக்கிட்டு, "இதுவரைக்கும் எவ்ளோ ஆச்சு பாருப்பா"ன்னு கேட்டாங்க. வட்டம் சுத்துச்சு. பத்து வினாடி இருக்கும். அப்புறம் திரையில வந்தது: மொத்தம் 0 கிலோ.

எடைக்காரர் திரையைப் பார்த்துட்டு, "இந்த மாசம் நீங்க போடவே இல்லியேம்மா"ன்னுட்டார். சத்தம் போட்டுச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல. இடுப்புச் சுருக்குப்பையில இருந்து நாலா மடிச்ச துண்டுச்சீட்டை எடுத்து மேசைமேல வெச்சாங்க. பென்சில்ல தேதியும் கிலோவும். 43, 38, 51, அப்படிப் போகுது. விரல் ரேகை பூரா கொழுந்துக் கறை, கருப்பா. நான் அந்த விரலையும் பார்த்தேன், திரையையும் பார்த்தேன். வெட்கமா இருக்கு சொல்ல, முதல்ல நான் நம்பினது திரையைத்தான்.

அன்னைக்கு ராத்திரிதான் புரிஞ்சுது. ஒரே ஒரு டாக்குமெண்டை (ஒரு பதிவு) கேட்டு, சர்வரும் கிடைக்காம, கேஷ்லயும் (போன்லயே சேமிச்சு வெச்ச நகல்) இல்லைன்னா, லைப்ரரி எரர் அடிக்கும். ஆனா கொரி போட்டா, அதாவது 'இந்த நிபந்தனைக்கு ஒத்துவர்ற பதிவையெல்லாம் குடு'ன்னு கேட்டா, அப்படி இல்லை. சர்வர் கிடைக்கலன்னா கேஷைப் பார்க்கும். கேஷ் காலியா இருந்தா (புது போன்ல காலிதானே) காலி லிஸ்டை வெற்றியாவே திருப்பித் தரும். 'இது கேஷிலிருந்து வந்தது'ன்னு ஒரு கொடி மட்டும் ஸ்னாப்ஷாட்டோட (வந்த பதிலோட) ஓரத்துல ஒட்டியிருக்கும். நான் அந்தக் கொடியைப் பார்க்கவே இல்லை. காலி லிஸ்டைக் கூட்டினா பூஜ்யம்தானே.

உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?


ரூம்காலி_ஊட்டி:

எனக்கு எரர் வந்துச்சு, ஆனா நான்தான் அதை மறைச்சு வெச்சிருந்தேன். கதை கேளுங்க.

மே மாசம், மலர்க் கண்காட்சி சமயம். சொந்தக்காரங்க லாட்ஜ், 12 ரூம். அடுத்த 20 நாளைக்கு எந்த ரூம் காலின்னு காட்டுற வெப் பேஜ். அதுவும் ஃபயர்ஸ்டோர்தான், இலவசத் திட்டம். ஒரு நாளைக்கு 50,000 ரீட் சும்மா. ஒரு டாக்குமெண்டைப் படிச்சா ஒரு ரீட். லாட்ஜுக்கு அது ஏழேழு ஜென்மத்துக்கும் போதும்னு நினைச்சேன்.

தினமும் காலையில 11 மணி வாக்குல பேஜ் வெறுமையாயிடும். மதியம் பன்னிரண்டரைக்குத் தானா சரியாயிடும். மூணு நாள் இப்படி. மாமா ஒரு முடிவுக்கே வந்துட்டார்: "காலையில டூரிஸ்ட் கூட்டம், டவர் திணறுது. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் ஓட்டல்ல உக்காந்துடறாங்க, டவர் ஃப்ரீயாயிடுது." கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு. நானும் தலையாட்டிட்டேன்.

நாலாம் நாள் பெங்களூர்லேர்ந்து ஒரு குடும்பம் குழந்தையோட ரிசப்ஷன்ல நிக்குது. பேஜ்ல எல்லா ரூமும் வெள்ளையா இருக்கு. வெள்ளைன்னா காலி. பையன் சாவி குடுத்துட்டான். கதவைத் திறந்தா உள்ள ஒருத்தர் ஷேவிங் பண்ணிட்டிருக்கார், முகம் பூரா நுரை. அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

நடந்தது இதுதான். ரூம் ஒண்ணுக்கு நாள் ஒண்ணுக்கு ஒரு டாக்குமெண்ட், ஆக 240. பேஜ் ஒரு தடவை திறந்தா 240 ரீட். 50,000-ஐ வகுத்துப் பாருங்க, 208 தடவைதான் திறக்கலாம். சீசன்ல ஆறேழு போன்ல அது எம்மாத்திரம். கோட்டா, அதாவது அந்த ஒரு நாள் அளவு, புதுசாகறது நம்ம ராத்திரி 12 மணிக்கு இல்லை, அமெரிக்க மேற்குக் கரை நேரத்துக்கு. அவங்க நள்ளிரவு கோடைக்காலத்துல நமக்கு மதியம் 12.30. கோட்டா தீர்ந்தப்ப லைப்ரரி ஒழுங்கா எரர் குடுத்துட்டுத்தான் இருந்துச்சு. நான் அதைப் பிடிச்சு கன்சோல்ல (டெவலப்பர் மட்டும் பார்க்கற இடம்) போட்டுட்டு காலி கட்டத்தை வரைஞ்சுட்டேன்.

டவர் மேல பழி போட்ட மாமாகிட்ட இன்னும் உண்மையைச் சொல்லல.


சும்மாபடிப்பவன்:

நுரை முகம் 😂 கொழுந்துக்கணக்கு அண்ணே, அந்த அம்மாவுக்குப் பணம் சரியா போச்சா? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே.


படிச்சுட்டுவா:

முதல் பதிவுக்கு என் பதில். இதில் லைப்ரரியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. 'கெட்' (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) எப்படி நடந்துகொள்ளும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: முதலில் சர்வர், முடியாவிட்டால் கேஷ். அது வேண்டாம் என்றால் மூலத்தை 'சர்வர்' என்று குறிப்பிடலாம். அப்போது இணைப்பு இல்லையென்றால் எரர்தான் வரும். ஒரு வரி வேலை. படிக்காமல் எழுதிவிட்டு, பாட்டி, சுருக்குப்பை என்று உருக வைக்கிறீர்கள்.

என் அனுபவமும் ஒன்று உண்டு. குன்னூரில் ஒரு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன், பக்கம் பக்கமாகக் காட்ட ஆஃப்செட் (முதல் இத்தனை பதிவைத் தாண்டு என்பது) போட்டேன், பில் ஏறியது, மாற்றினேன். அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ஆஃப்செட் கொடுத்தால் தாண்டிப்போகும் டாக்குமெண்டுகளுக்கும் சேர்த்தே ரீட் கணக்கு விழும். ஆயிரத்தைத் தாண்டி இருபதைக் காட்டினால் ஆயிரத்து இருபதுக்குக் காசு. கடைசியாகப் பார்த்த டாக்குமெண்டைக் கர்சராகக் கொடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். வெறும் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இறக்கி எண்ணாதீர்கள். கவுண்ட் இருக்கிறது, ஆயிரம் இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) பதிவு வரைக்கும் ஒரே ரீட். கூட்டுத்தொகைக்கு சம் இருக்கிறது. கவனியுங்கள், இந்த இரண்டும் கேஷைத் தொடவே தொடாது. இணைப்பு இல்லாவிட்டால் எரர் தந்துவிடும். முதல் பதிவர் மொத்தத்தை சம் வழியாகக் கேட்டிருந்தால் அந்தப் பூஜ்யம் வந்தே இருக்காது. எதுவுமே கிடைக்காத கொரிக்கும் குறைந்தது ஒரு ரீட் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள். டேட்டாபேஸ் தொடங்கும்போது இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மும்பை இருக்கிறது, நமக்கு அதுதான் பக்கம். பிறகு மாற்ற முடியாது, புதிதாக ஒன்று தொடங்கி டேட்டாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சர்வர் பக்க லைப்ரரியின் சாவிக் கோப்பைத் தயவுசெய்து போன் ஆப்புக்குள் வைக்காதீர்கள். அந்த லைப்ரரி பாதுகாப்பு விதிகளைச் சட்டை செய்யாது, சாவி கிடைத்தவன் எல்லாவற்றையும் படித்துவிடுவான். லாட்ஜ்காரர் 240 டாக்குமெண்ட் வைத்ததே தவறு. ரூமுக்கு ஒன்று வைத்து, உள்ளே நாட்களை வைத்திருந்தால் பன்னிரண்டு ரீட்தான்.


தகரக்கூரை:

படிச்சுட்டுவா சார், உங்க பேர்லயே அட்வைஸ் இருக்கு. 😀 ஆனா ஒண்ணு, ஆவணம் படிச்சவனுக்கும் இது நடக்கும். எனக்கு நடந்துச்சு, நான் படிச்சிருந்தேன்.

தேவாலா பக்கம் எங்க வீட்டு மாடியில நானே ஒரு மழைமானி பண்ணி வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு அளவு, அமேசானோட ஆன்லைன் டேட்டாபேஸான டைனமோடிபிக்குப் போகும். பைத்தான் லைப்ரரியில கொரி போட்டு இந்த மாசக் கிராஃப் வரையும். ஜூலையில ஆரம்பிச்சேன். மாசப் பாதியில போட்டதால அப்ப எல்லாம் சரியாவே வந்துச்சு.

ஆகஸ்ட் கடைசி வாரம். மேற்குப் பக்க மழை உங்களுக்கெல்லாம் தெரியும், கோத்தகிரிக்காரங்களுக்கு வேணா தெரியாம இருக்கலாம். தகரக்கூரையில கொட்டுற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவங்க பேசுறதே கேக்காது. சித்தப்பா வந்திருந்தார். பெருமையா போன்ல கிராஃபைக் காட்டினேன். 1-ம் தேதியிலேர்ந்து ஏறி இறங்கி வருது, 18-ம் தேதியோட கோடு நின்னுபோச்சு. அப்புறம் வெறும் வெள்ளை. சித்தப்பா கூரையை அண்ணாந்து பார்த்தார். என் காதுக்கிட்ட வந்து கத்தினார்: "உன் மெஷின் ஊர்ல வெயில் போல!"

சென்சார்னு நினைச்சு அந்த மழையில மாடி ஏறி, வாளியைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். மூணு நாள் காய்ச்சல்.

சென்சார்ல ஒண்ணும் இல்லை. ஒரு கொரி ஒரு தடவைக்கு 1 எம்பி வரைக்கும்தான் படிக்கும். நாளைக்கு 288 பதிவு, ஒரு பதிவு சுமார் 200 பைட். பதினெட்டு நாளுக்குக் கணக்கு டாண்ணு நிக்குது. மிச்சம் இருக்குன்னு சொல்ல பதில்லயே 'லாஸ்ட் இவாலுவேட்டட் கீ'ன்னு ஒண்ணு வரும், அதைக் குடுத்து மறுபடி கேக்கணும். அது வராத வரைக்கும் கேட்டுட்டே இருக்கணும். இதை நான் படிச்சிருந்தேன் சார். 1 எம்பியா, நம்ம மழைக்கு எங்க அவ்ளோ வரப்போகுதுன்னு தாண்டிட்டேன். இப்ப அதே லைப்ரரியில இருக்கிற பேஜினேட்டரை வெச்சுட்டேன், அதுவே கடைசிப் பக்கம் வரைக்கும் கேட்டுக்கும்.

இன்னொண்ணும் அப்பதான் தெரிஞ்சுது. ஃபில்டர் போட்டா படிச்ச பிறகுதான் வடிகட்டும். படிச்சதுக்கெல்லாம் காசு. ஒரு பக்கம் பூரா வடிகட்டிப் போயிட்டா காலி பக்கம் வரும், ஆனா கீ கூட வரும். காலியா வந்துச்சேன்னு நிறுத்தினா போச்சு.


ரூம்காலி_ஊட்டி:

@படிச்சுட்டுவா: ரூமுக்கு ஒரு டாக்குமெண்ட் வெச்சா ரெண்டு பேர் ஒரே ரூமுக்கு வேற வேற நாள் புக் பண்றப்ப ரெண்டு பேரும் அதே டாக்குமெண்டை எழுதுவாங்க, அதை யார் பார்க்கறது? நான் யோசிக்காம 240 வைக்கல. யோசிக்காம விட்டது எரரை.


படிச்சுட்டுவா:

டிரான்சாக்ஷன் என்று ஒன்று இருக்கிறது, ஐயா. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்காமல் பார்த்துக்கொள்ளும்.


மலைப்பூண்டு:

சண்டை நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் கொடைக்கானல் மேல்மலை. பூம்பாறையிலேர்ந்து பூண்டு மூட்டை வடுகபட்டிக்கு இறங்கும். லோடு ஏத்துறது விடியக்காலை நாலு மணிக்கு. யார் யார் ஏத்தினாங்கன்னு போன்ல பதிவாகும், சாயங்காலம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் அன்னைக்குள்ளதைப் படிச்சுக் கூலிப் பட்டியல் போடும்.

எரர் இல்லை, காலியும் இல்லை. டேட்டா முழுசா வந்துச்சு. ஒரு வாரம் யாருக்கும் சந்தேகமே வரல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு அண்ணன் காசைத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்தார். "தம்பி, சனிக்கிழமைன்னு போட்டுக் குடுத்திருக்கீங்க. சனிக்கிழமை நான் ஊர்லயே இல்லை, பெரியகுளத்துல தங்கச்சி வீட்டு விசேஷம். யாரோடதோ எனக்கு வந்திருக்கு." அவர் லோடு ஏத்தினது ஞாயிறு காலை நாலு மணிக்கு. லைப்ரரி நேரத்தை யூடிசில (உலகப் பொது நேரம்) தான் தரும், நம்மளவிட அஞ்சரை மணி நேரம் பின்னால. நம்ம ஞாயிறு காலை நாலு அதுக்கு சனி ராத்திரி பத்தரை. அஞ்சரைக்கு முன்னாடி ஏத்தின ஒவ்வொரு மூட்டையும் முந்தின நாள்ல விழுந்துட்டிருந்துச்சு. பெரும்பாலும் எல்லாரும் தினம் வர்றதால ஒருநாள் தள்ளிப்போனது யார் கண்ணுக்கும் படல.

அந்தக் காசு அவரோடதுதான்னு புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. "கம்ப்யூட்டர் சனிக்கிழமைங்குது, நீ ஞாயிறுங்கறே, யாரை நம்பறது"ன்னு கேட்டுட்டே நின்னார். அவர் வேலை பார்த்த நாள் அவருக்கே தெரியும், இருந்தாலும் கேட்டார்.


தகரக்கூரை:

மேல்மலையில சிக்னல் இருக்கா? எங்களுக்கே இல்லையே.


மலைப்பூண்டு:

மன்னவனூர் போற வழியில ஒரு திருப்பத்துல வரும். 😀 அங்க வண்டியை நிறுத்தித்தான் சிங்க் பண்ணுவாங்க.


கொழுந்துக்கணக்கு:

சும்மாபடிப்பவன் தம்பி, பணம் சரியா போச்சு. மறுநாள் டவுனுக்கு வந்து எடுத்தப்ப எல்லாம் சர்வர்ல பத்திரமா இருந்துச்சு. அந்தச் சீட்டோட ஒத்துப் பார்த்தேன், ஒரு கிலோ வித்தியாசம் இல்லை.

படிச்சுட்டுவா சார், சம் விஷயம் எனக்குத் தெரியாது, அதுக்கு நன்றி. ஆனா எடைக்காரருக்கு வெறும் மொத்தம் பத்தாது, தேதிவாரியா வரி வேணும், அதுக்குக் கொரிதான் போட்டாகணும். 'சர்வர் மட்டும்'னு வெச்சா பாதி நாள் ஷெட்டுல எதுவுமே காட்டாது, ஏற்கெனவே கேஷ்ல இருக்கிற பழைய எடைகூட. அதனால கொடியைப் பார்த்து ரெண்டாப் பிரிச்சேன். கேஷிலிருந்து வந்து லிஸ்ட்ல ஏதாவது இருந்தா, 'சிக்னல் இல்லை, கடைசியா பார்த்தது'ன்னு மஞ்சள்ல காட்டும். கேஷிலிருந்து வந்து காலியா இருந்தா நம்பரே போடாது. 'தெரியலை'ன்னு வரும்.

அந்த அம்மா போன வாரமும் வந்தாங்க. எடை போட்டதும் எடைக்காரர் பென்சிலை அவங்ககிட்ட நீட்டுறார், அவங்க சீட்டுல எழுதிக்கிறாங்க, அப்புறம்தான் அவர் போனைத் தட்டுறார். யாரும் சொல்லி வெச்சதில்லை.

எடைக்காரருக்கு மட்டும் என்மேல கோவம். முந்தாநாள் கூப்பிட்டார்: "தெரியலை, தெரியலைன்னு வந்தா ஆளுங்க என்னையல்லவா ஒரு மாதிரி பாக்கறாங்க. பழையபடி ஏதாச்சும் ஒரு நம்பர் காட்டுற மாதிரி பண்ணிக் குடுங்க தம்பி." இன்னும் பதில் சொல்லல.