புதுப்பிப்பு: சிறுதோட்டக்காரரிடம் நேரடியாகத் தேயிலை வாங்கும் விசயம்

கலப்படமில்லாத தேயிலையைச் சிறுதோட்டம் வைத்திருப்பவரிடமே வாங்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும், ஆனால் நினைத்த மாதிரி அல்ல.

அவர்கள் பெரும்பாலும் விற்பது பச்சைக் கொழுந்து. அது அன்றன்றே லொறியில் தொழிற்சாலைக்குப் போய், எல்லாருடைய கொழுந்தோடும் கலந்து, தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இவர்களுடைய கொழுந்துதான். ஆனாலும் தங்கள் தேயிலை எது என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே 'நேரடி' என்றால் வீட்டில் கையால் செய்பவரைத் தேட வேண்டும். ஊவா மலைப்பகுதியில், பண்டாரவளைப் பக்கம் ஒருவர் கிடைத்தார். வாட்டி, கையால் உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்துகிறார். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். விலை ஏன் கூட என்று நான் பிறகு கேட்கவில்லை.

பொதி பஸ்ஸில் திருகோணமலை வந்து சேர்ந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். செயற்கைச் சாயம் கலந்திருந்தால் நிறம் உடனே இறங்கும். இது மெல்லத்தான் இறங்கியது. பிளேன்டீக்கு அருமை. பால் தேத்தண்ணிக்குச் சரிவராது, "சாயமே இல்லையே" என்று அம்மா ஒரே வாயில் சொல்லிவிட்டார். (அதற்கு டஸ்ட் என்கிற நுண்ணிய தூள்தான். அம்மாவோடு வாதாட நான் தயாரில்லை.)

அப்புறம், நம்ம ஊர்க் கடற்காற்றில் தேயிலை சட்டென்று ஈரம் இழுக்கும். இறுக்கமாக மூடும் தகரப் பேணி கட்டாயம்.

ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அடுத்த பொதியை ஓகஸ்டில் எடுக்க இருக்கிறேன். உப்புவெளிப் பக்கம் யாராவது பங்கு சேர்ந்தால் பஸ் கூலி குறையும், சொல்லுங்கள்.