லோ கியரில் இடது எஞ்சின் மவுண்ட் கிழிகிறது, கியர்பாக்ஸ் காதில் விரிசல் (எஞ்சின் மாற்றிய எம்எம் 540)

மலைப்பாதை (கேள்வி)

வணக்கம். வண்டி மஹிந்திரா எம்எம் 540. பழைய 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு 2523 சிசி டிஐ டர்போ எஞ்சினும் அதன் ஐந்து கியர் பாக்ஸும் ஏற்றியிருக்கிறோம். டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பழையதே, அடாப்டர் போட்டு கியர்பாக்ஸோடு ஒரே கட்டாகப் பூட்டியிருக்கிறது. வண்டி ஆஃப்ரோடுக்கு மட்டும்தான்.

எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைச் சேசிஸில் தாங்கும் பிடி) இரண்டும் 5 மி.மீ. தகட்டில் செய்த எல் வடிவ பிராக்கெட். மேலும் கீழும் ஸ்டட் (மரையுள்ள கம்பி) வரும் உருளை ரப்பர்தான் குஷன். பின்னால் 50×50×3 சதுரக் குழாயில் கிராஸ் மெம்பர் (சேசிஸின் குறுக்குச் சட்டம்). அங்கே ரப்பர் இல்லை, கியர்பாக்ஸ் காதை (பூட்டுவதற்கு நீட்டியிருக்கும் பகுதி) நேராக இரண்டு போல்ட்டில் இறுக்கியிருக்கிறது.

பிரச்சினை மூன்று. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து விசை கூட்டும் நிலை) முதல் கியரில் ஏற்றம் ஏறும்போது இடது ரப்பர் இரண்டு முறை கிழிந்துவிட்டது. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வண்டியின் தரைத் தகட்டில் 'ம்ம்ம்' என்று ஒரு அதிர்வு. இப்போது கியர்பாக்ஸின் அலுமினியக் காதில் 30 மி.மீ. விரிசல். தகட்டை 10 மி.மீ. ஆக்கினால் சரியாகுமா?

லேத்_சிங்காநல்லூர்

தகடு கனத்தால் வந்த பிரச்சினை இல்லைங்க. 10 மி.மீ. போட்டால் அடுத்து சேசிஸில் விரிசல் விழும்.

முதல் தப்பு பின்னால் இருக்கிறது. முன்னால் ரப்பர், பின்னால் இரும்போடு இரும்பு என்று கலந்து கட்டவே கூடாது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் சேசிஸ் முறுக்கும். எஞ்சின் ரப்பரில் ஆட முயலும், கியர்பாக்ஸ் வால் அசையாது. நடுவில் மாட்டிக்கொண்டு அந்த முறுக்கு முழுவதையும் தாங்குவது அலுமினிய ஹவுசிங். உடைந்தது காது மட்டும் என்பது உங்கள் நல்ல நேரம். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) போயிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

இரண்டாவது, இடது ரப்பர் மட்டும் ஏன் கிழிகிறது என்பது. கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் ஓடுகிறது. எதிர்விசையில் எஞ்சின் உடம்பு வண்டியின் இடது பக்கம் மேலே எழும்பும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் ஒரே கட்டு என்பதால் மவுண்ட் தாங்க வேண்டியது எஞ்சின் டார்க்கை (முறுக்குவிசையை) அல்ல, கடைசியில் ஆக்ஸிலுக்கு ஓடும் ஷாஃப்டுக்குப் போகும் டார்க்கை. பலர் கணக்கில் விடுவது இதைத்தான். எஞ்சின் 180 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.7, லோ 2.46 என்று வைத்தால் சுமார் 1640 நியூட்டன் மீட்டர். இரண்டு மவுண்டுக்கும் இடைவெளி அரை மீட்டர் என்றால் இடது மவுண்டை ஏறக்குறைய 330 கிலோ விசை மேலே இழுக்கிறது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் எடை 100 கிலோ என்று கழித்தாலும் 230 கிலோ இழுவை மிச்சம். கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்னும் கூடும். ஸ்டட் வைத்த உருளை ரப்பர் அமுக்கத்துக்கு நல்லது, இழுவைக்கு ஆகாது. இரும்புத் தட்டில் ரப்பர் ஒட்டிய இடமே பிய்ந்துகொண்டு வரும்.

கிழிந்த ரப்பரைப் பாருங்கள். தட்டு சுத்தமாகப் பளபளவென்று பிரிந்து வந்திருக்கிறதா, இல்லை ரப்பர் நடுவில் கிழிந்திருக்கிறதா? டாக் (இடம் பிடிக்க வைக்கும் சிறு வெல்டு) அடிக்கும்போது ரப்பர் உள்ளேயே இருந்ததா? அதிர்வுக்குக் காரணம் பார்க்க மூன்று கோணங்களும் வேண்டும்: கியர்பாக்ஸ் சாய்வு, ஷாஃப்ட் சாய்வு, பின் ஆக்ஸில் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டு) சாய்வு. வண்டி சமதளத்தில், நாலு சக்கரத்தில் நிற்கும்போது அளக்கவும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் பயனில்லை.

மலைப்பாதை

தட்டு பளபளவென்றுதான் இருக்கிறது அண்ணா. ரப்பர் மாட்டியபடியேதான் வெல்டிங் அடித்தார்கள்.

கியர்பாக்ஸ் பின்பக்கம் இறங்கி 6 டிகிரி. பின் ஷாஃப்ட் 11 டிகிரி. பினியன் மூக்கு மேல்நோக்கி 2 டிகிரி. மவுண்ட் இடைவெளி 480 மி.மீ. சம்புக்கும் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) முன் ஆக்ஸிலுக்கும் 90 மி.மீ. இருக்கிறது, பம்ப் ஸ்டாப்புக்கு (ஆக்ஸில் மேலே வந்து முட்டும் ரப்பர்) 75 மி.மீ.

ஷாஃப்ட்_பேலன்ஸ்

அதிர்வுக்கு நான் சொல்கிறேன். முதலில் ஒரு சோதனை: 45-ல் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் அதே 'ம்ம்ம்' இருந்தால் எஞ்சின் மவுண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் அளவிலேயே விடை இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் வேலை செய்யும் கோணம் 11-6=5. பினியன் பக்கம் 11-2=9. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும். 5-க்கு 9 என்றால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், அதுதான் அந்த முனகல். எஞ்சினை நகர்த்த வேண்டாம். பின் லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் பேடுக்கும் நடுவில் 3 டிகிரி இரும்பு ஆப்பு வையுங்கள். பினியன் 5-க்கு வரும். மூக்கு உயர்வதால் ஷாஃப்ட் சாய்வும் ஒரு டிகிரிக்குள் குறையும். அப்போது ஒரு பக்கம் 4 சொச்சம், இன்னொரு பக்கம் 5 சொச்சம். இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிப் பினியன் இன்னும் கொஞ்சம் ஏறும் என்பதால் அந்த ஒரு டிகிரி குறைவு வேண்டுமென்றே விடுவது.

அலுமினிய ஆப்பு வாங்காதீர்கள், பாறையில் அடிபட்டு நசுங்கி யூ-போல்ட் தளர்ந்துவிடும். ஆப்பு வைத்த பிறகு சென்டர் போல்ட் நீளமும் பார்க்கவும். இதையே முன் ஆக்ஸிலுக்கும் செய்துவிடாதீர்கள், கேஸ்டர் (முன்சக்கரத் திருப்பு அச்சின் சாய்வு) மாறி ஸ்டியரிங் அலையும். ஷாஃப்ட்டின் இரண்டு யோக்கும் (முனையில் ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. ஸ்ப்லைனில் (ஷாஃப்ட் நீண்டு குறுகும் பல்வெட்டு இணைப்பு) ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் இதே முனகல் வரும்.

லேத்_சிங்காநல்லூர்

தட்டு பளபளப்பு என்றால் வெல்டிங் சூட்டில் ஒட்டே போயிருக்கிறது. அதன் மேல் இழுவை. இனி செய்முறை.

முன்னால் உருளை ரப்பரை விட்டுவிட்டு கண் வகை புஷ்ஷுக்கு மாறுங்கள். நடுவில் இரும்பு ஸ்லீவ், வெளியே இரும்பு ஓடு, இடையில் ஒட்டிய ரப்பர், ஊடே 12 மி.மீ. போல்ட், அச்சு வண்டியின் முன்பின் திசையில். ரப்பர் முழுதாகப் போனாலும் போல்ட் எஞ்சினைப் பிடித்திருக்கும், ஃபேன் ரேடியேட்டரில் பாயாது. பாலியூரித்தேன் போடலாமா என்று கேட்பீர்கள். டீசல் எஞ்சினுக்கு என் ஓட்டு ரப்பருக்கே, பாலியில் ஐடிலில் டேஷ்போர்டு வரை நடுங்கும். போடுவதானால் மூன்று மவுண்டும் பாலியாக இருக்கட்டும்.

கண் செய்வதில்தான் கவனம். குழாயைப் பிராக்கெட்டில் வெல்டு வைத்தால் கண் கோணி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். உள்ளளவை 0.5 மி.மீ. குறைவாக விட்டு, வெல்டு முடிந்து ஆறிய பிறகு லேத்தில் போர் செய்து சரியான அளவுக்கு வாருங்கள், பிறகு புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்றுங்கள். சேசிஸ் பக்கக் காதுகள் 6 மி.மீ. தகடு. அவை ஸ்லீவைத்தான் கடிக்க வேண்டும், கண் குழாயைத் தொடக் கூடாது. பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி போதும்.

சேசிஸ் தகடு மெல்லியது. அதன் மேல் நேராகக் காதை வெல்டு வைக்காமல் 4 மி.மீ. ஒட்டுத்தகடு போடுங்கள், முனைகள் வைர வடிவில் வெட்டியது. நீளவாக்கில் மட்டும் வெல்டு. குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டிலேயே சேசிஸ் ஒடியும். மேல், கீழ் விளிம்பில் துளையும் வேண்டாம், வெல்டும் வேண்டாம்.

எஞ்சினை நிறுத்தும் முறை: சேசிஸின் இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்து மையத்தில் ஒரு நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு கிராங்க் புல்லியையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கட்டின் மையத்தையும் அதற்கு ஒப்பிடுங்கள். குறுக்குச் சமத்துக்கு ரசமட்டத்தை மெஷின் செய்த முகத்தில் வைக்கவும், வால்வு கவர் மேல் வைத்தால் ஏமாற்றும். புது ரப்பர் எடையில் 3 முதல் 5 மி.மீ. அமுங்கும், அந்த அளவு எஞ்சினைத் தூக்கியே டாக் வையுங்கள். தகட்டை வெட்டும் முன் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். டாக் மட்டும் வண்டியில், அதுவும் புஷ்ஷுக்குப் பதில் மரக்கட்டை வைத்து. முழு வெல்டு எஞ்சினை இறக்கிய பிறகு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய்ப் புள்ளி விழும்.

பின்னால் கிராஸ் மெம்பர் 50×50×4. நடுவில் ஒரே ரப்பர் மவுண்ட், அதுவும் மேலே எழும்பாமல் பிடிக்கும் கொக்கி வகை. டார்க்கை முன் இரண்டும் பார்த்துக்கொள்ளும், பின்னது எடையையும் முன்பின் ஓட்டத்தையும் தாங்கினால் போதும். சேசிஸோடு நாலு எம்12 போல்ட் (வலிமைத் தரம் 8.8), 80 நியூட்டன் மீட்டர். குழாய்க்குள் போல்ட் போகும் இடத்தில் ஸ்லீவ் வெல்டு வைக்கவும், இல்லையென்றால் இறுக்க இறுக்கக் குழாய் நசுங்குமே தவிர போல்ட் இறுகாது. கழற்றும் வகையாகவே இருக்கட்டும், கிளட்ச் மாற்ற அறுக்க வேண்டி வரக் கூடாது.

காது விரிசல்: முனையில் 3 மி.மீ. துளை போட்டு, எண்ணெயை முழுதாகக் கழுவி, சூடேற்றி 4043 அலுமினியக் கம்பியில் டிக் (ஆர்கான் வாயு) வெல்டு. பிறகு முகத்தை மட்டப்படுத்தணும். விரிசல் பேரிங் இருக்கை வரை போயிருந்தால் ஹவுசிங்கையே மாற்றுங்கள்.

ஷாஃப்ட்_பேலன்ஸ்

யாரும் சம்பைப் பற்றிச் சொல்லவில்லை. 90-ல் 75 போனால் பம்ப் ஸ்டாப் தொடும்போது 15 மி.மீ.தான். பம்ப் ரப்பர் 20 அமுங்கும், எஞ்சின் 5 இறங்கும். ஆக்ஸில் சம்பைக் குத்தும். பம்ப் ஸ்டாப்புக்கு 25 மி.மீ. ஸ்பேசர் போட்டே ஆகணும்.

மலைப்பாதை

ஸ்பேசர் போடுகிறேன். நியூட்ரல் சோதனையும் செய்தேன், முனகல் அப்படியே இருக்கிறது, ஆகவே ஆப்பு வேலையும் சேர்த்து. பின்னாலும் ரப்பர் போட்டால் எஞ்சின் அதிகம் ஆடுமே, வேறு எதை மாற்ற வேண்டும்?

லேத்_சிங்காநல்லூர்

எக்ஸாஸ்டில் வளையும் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) ஒன்று. டீசல் ஹோஸுக்கும் ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்கும் 30 மி.மீ. தளர்வு. கிளட்ச் கம்பி லிங்கேஜ் என்றால் எஞ்சின் ஆடும்போது தானே இழுக்கும், ஹைட்ராலிக்குக்கு மாறுவது நல்லது. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 மி.மீ. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் பட்டையை மறக்காதீர்கள். இதுவரை பின் போல்ட் வழியாக எர்த் கிடைத்தது, இனி ரப்பர் அதை வெட்டிவிடும். பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும்.

புஷ் போல்ட்டை எஞ்சின் எடை முழுதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்குங்கள். பெயின்டில் நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு. முதல் இரண்டு டிரைவ் முடிந்ததும் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள் தம்பி. இன்னொன்று, ரோட்டில் எடுக்கும் எண்ணம் வந்தால் எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும்.