கிராபிக்ஸ் கார்டு மாட்டியபின் கேம் திறந்தாலே ரீஸ்டார்ட், கேபினெட்டைத் தொட்டால் ஷாக்

கானாடுகாத்தான் தம்பி:
வணக்கம். ஐ5 10400 பிராசஸர், 16 ஜிபி ராம், கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி மாட்டினேன். டிரைவர் ஏறிவிட்டது, வீடியோ எல்லாம் ஓடுகிறது. கேம் திறந்த கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் முனை இல்லை. கடையில், ஹார்ட் டிஸ்குக்குக் கரண்ட் போகும் சாட்டா வயரிலிருந்து 8 பின் எடுக்கும் கன்வர்ட்டர் கொடுத்தார்கள். கார்டு போயிருக்குமா? இன்னொன்று, இருப்பது ஆயா வீடு. ஆத்தங்குடி கல்லில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று இழுக்கிறது.

புதுவயல்:
ஹெச்டிஎம்ஐ மதர்போர்டிலா, கார்டிலா?

கானாடுகாத்தான் தம்பி:
கார்டில்தான் அண்ணே.

செக்காலை அண்ணன்:
தம்பி, கார்டைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் அந்தக் கன்வர்ட்டரைக் கழற்றுங்கள். இந்தக் கார்டு 125 வாட் இழுக்கும். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் வழியாகக் கிடைப்பது 75 வாட் வரைதான், மீதி வயரில் வர வேண்டும். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும். இரண்டையும் கூட்டினால் கணக்குக்கு ஒட்டிப் போவது போலத் தெரியும். ஆனால் கேமில் கார்டு அந்த 125-லேயே நிற்காது, நொடிக்குள் எகிறி இறங்கும். முனை உருகித் தீப்பிடித்த கதைகள் நிறைய. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது?

கானாடுகாத்தான் தம்பி:
16 ஆம்பியர்.

செக்காலை அண்ணன்:
அப்படியென்றால் 192 வாட். வெளியே 450 என்று எழுதியிருப்பது சும்மா. பிராசஸருக்கு 65, கார்டுக்கு 125 என்றாலே முடிந்துபோச்சு. கார்டின் 8 பின்னுக்குப் பொருந்தும் 6+2 பின் வயரோடு நல்ல 550 வாட் வாங்குங்கள். சிபியு என்று எழுதிய 4+4 முனையும் பார்க்க அதே மாதிரி இருக்கும், அதைக் கார்டில் அழுத்திச் செருகிவிடாதீர்கள். 12 வோல்ட்டும் கிரவுண்டும் அதில் இடம் மாறியிருக்கும். புதுசு வரும்வரை கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு ஹெச்டிஎம்ஐயில் ஓட்டுங்கள், 10400-க்குள்ளேயே டிஸ்ப்ளே உண்டு.

பள்ளத்தூர் வயரிங்காரர்:
சுருசுருப்புக்கு நான் சொல்கிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மர ரீப்பர் (பட்டை) மேல் ஓடும் வயரிங்கில் பெரும்பாலும் இரண்டு வயர்தான். பிறகு யாராவது மூன்று பின் பிளக் பாயின்ட் மாட்டியிருப்பார்கள், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியும் மின்சாரத்துக்கு எர்த் கிடைக்காவிட்டால் கேபினெட்டில் 115 வோல்ட் அளவு நிற்கும், அதாவது 230-இல் பாதி. கரண்ட் ரொம்பக் கம்மி என்றாலும் அலட்சியம் வேண்டாம், நிஜமான லீக்கேஜும் இதே மாதிரிதான் இழுக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி எடுத்து அந்த ஒரு பாயின்டுக்காவது வயர் இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் வேலை வேண்டாம். அதுவரை சிஸ்டம் ஆனில் இருக்கும்போது ஹெச்டிஎம்ஐ செருகாதீர்கள், போர்ட் போய்விடும்.

கானாடுகாத்தான் தம்பி:
அண்ணே, எர்த் போட்டாச்சு, இப்போது இழுக்கவில்லை. மதுரையிலிருந்து 550 வாட் வந்து மாட்டினேன், கேம் நிற்காமல் ஓடுகிறது. பழைய கன்வர்ட்டரின் சாட்டா முனை லேசாகப் பழுப்பேறியிருந்தது. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

செக்காலை அண்ணன்:
கொடுத்தால் இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். வெட்டிப் போடுங்கள்.