உண்ணிக்கும் பசியின்மைக்கும் வீட்டு வைத்தியம் சொல்லுங்கள் (நாட்டு நாய், பூனை, ஒத்தக்கடை)

யானைமலை அடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறான். நான்கு வயது, 17 கிலோ. சிட்டு என்று ஒரு பூனை, ஒன்பது மாதம்.

சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து மணிக்கு உண்ணி. காது மடலுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறது. தினமும் சாயங்காலம் பிடுங்கி டப்பாவில் போடுகிறேன். மறுநாள் பார்த்தால் அதே அளவு ஏறியிருக்கிறது. வீட்டில் சின்னப்பிள்ளை இருப்பதால் மருந்து ஸ்பிரே எதுவும் வேண்டாம் என்கிறார் மாமியார். அவர் சொன்னபடி தேங்காய் எண்ணெயில் கற்பூரம் பொடித்துப் போட்டுத் தடவினோம். அதை நக்கிவிடுகிறான். பூண்டு சாப்பிட்டால் உண்ணி அண்டாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பத்து நாளாகத் தயிர்சோற்றில் நான்கைந்து பல் நசுக்கிப் போடுகிறேன்.

காலையில் தயிர்சோறுதான். ராத்திரிக்கு என் கொழுந்தனார் தன் கடையில் மிஞ்சிய பரோட்டாவும் சால்னாவும் கொண்டு வருவார். பிசைந்து வைத்தால் தட்டைத் துடைத்து வைத்துவிடுவான். ஆனால் மூன்று நாளாகச் சால்னாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறான், கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறான். வெயில்தான் காரணம் என்று நினைக்கிறோம். வாயைத் திறந்து பார்த்தேன், புண் எதுவும் இல்லை. ஈறு மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.

சிட்டு பால்சோறு தவிர வேறு எதையும் தேடுவதில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கறி. அவளுக்கு வயிறு அடிக்கடி கழிகிறது, ரோமமும் சொரசொரப்பாக இருக்கிறது.

மணிக்குப் பசி எடுக்க என்ன கஷாயம் கொடுக்கலாம்? உண்ணிக்கு ரசாயனம் இல்லாமல் வேறு என்ன செய்யலாம்? சிட்டுவுக்கு எதை மாற்றவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் ரோடு:

அக்கா, எங்கள் வீட்டில் வேப்பெண்ணெய்தான். உடம்பு முழுக்கத் தடவி வெயிலில் கட்டிவிடுவோம். பூனைக்கும் அதையே தடவலாம். குளிப்பாட்டும் தண்ணீரில் இரண்டு மூடி பினாயில் ஊற்றினால் உண்ணி உதிர்ந்துவிடும். பசிக்கு ஓமத்தண்ணீர் கொடுங்கள். வெயில் தணிந்தால் தானாகச் சாப்பிடுவான், பயப்படாதீர்கள்.

வாடிப்பட்டி பெரியவர்:

தாயி, கஷாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கே மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாளைக்கு என்று தள்ளவேண்டாம்.

உடம்பு நிறைய உண்ணி, மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, சோர்வு, வெளிறிய ஈறு. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அதை வெயில் என்று விடக்கூடாது. நல்ல நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பவேண்டும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்துவிடும். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமியோ பபீசியா என்ற கிருமியோ ரத்தத்துக்குள் போகிறது. எர்லிக்கியா வெள்ளை அணுவில் புகுந்து ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். பபீசியா சிவப்பணுவையே உடைக்கும். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிறத்தில் சிறுநீர் என்று எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு மனிதர் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாயின் உடம்புச் சூடு இயல்பிலேயே 101 முதல் 102.5 டிகிரி வரை இருக்கும், நம் கைக்கு அது காய்ச்சல் போலத்தான் தெரியும்.

பூண்டை இன்றோடு நிறுத்துங்கள். சால்னாவையும்தான். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் சிவப்பணுவை உடைப்பவை. பச்சையாக இருந்தாலும் வேகவைத்தாலும் அதே விஷம்தான். நாய்க்குக் கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் ரத்தத்தில் கெடுதி தெரிய ஆரம்பிக்கும். மணியின் எடைக்குக் கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராமே போதும். ஒருநாள் சால்னாவில் அவ்வளவு இருக்காது என்று தோன்றும். ஆனால் நம் ஊர் சால்னாவின் கெட்டியே வெங்காயம்தானே. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உடைந்த அணுவுக்கு ஈடாகப் புது அணு ஊறுவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடுகிறது. நீங்கள் போட்ட பூண்டு மட்டும் இதைச் செய்திருக்காது. ஆனால் ஏற்கெனவே உண்ணி ரத்தம் குடித்த உடம்பில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. பூண்டு போட்டதையும் கற்பூர எண்ணெய் தடவியதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினாலும் போகும். அளவு மீறினால் வலிப்பு வரும். மெல்லிய சோப்பில் குளிப்பாட்டி அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள். மேலூர் ரோடு தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பினாயில் வேண்டவே வேண்டாம் தம்பி. நாய்க்குத் தோல் வெந்துபோகும், பூனை அதை நக்கினால் உயிருக்கே ஆபத்து. வேப்பெண்ணெயும் பூனைக்குக் கூடாது. எச்சில் வடிந்து உடம்பு நடுங்கிய பூனைகளைப் பார்த்திருக்கிறேன். சொறி நாய்க்கு வண்டியின் கழிவு ஆயிலைப் பூசும் பழக்கம் உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் போகவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. கால்நடை ஆய்வாளராக 31 வருஷம் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று சுற்றியவன். மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசி மடி வீக்கம் வடிந்ததை எத்தனையோ தொழுவத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது மாட்டுக்கு, மேல்பூச்சுக்கு. அதே கற்றாழையின் மஞ்சள் பாலை நாய் நக்கினால் வயிறு கழிந்து தள்ளிவிடும். இன்ன செடி, இன்ன உயிருக்கு, இன்ன அளவு, உள்ளுக்கா மேலுக்கா என்று பார்த்துக் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். அந்த விவரத்தை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் எனக்கு வருத்தம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மணி தேறியபிறகு சோறு ஒரு பங்கு, எலும்பில்லாத கோழியோ வேகவைத்த முட்டையோ ஒரு பங்கு, பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் போல வெந்த காய் அரைப்பங்கு. உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல். சோற்றுக்குப் பதிலாகக் கேப்பைக் களியும் போடலாம். நூறு கிராம் கேப்பையில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் அதில் எல்லாமே உடம்பில் ஒட்டாது. அதனால் முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, மிக்சியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ சாப்பாட்டுக்கு அரை டீஸ்பூன். வெறும் கறியும் சோறும் தின்று வளரும் குட்டிக்குக் கால் வளைவது இந்தச் சுண்ணாம்புச் சத்து இல்லாததால்தான். வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், சில்லுச் சில்லாக உடைந்து குடலில் குத்தும்.

போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள் தாயி. காத்திருக்கிறேன்.

யானைமலை அடிவாரம்:

அய்யா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஆட்டோ வந்துவிட்டது, கிளம்புகிறோம்.

செல்லூர் பூனைக்காரி:

தங்கச்சி, மணி நல்லபடியாக வரட்டும். நான் சிட்டுவைப் பற்றிச் சொல்கிறேன்.

பால்சோறு பூனைச் சாப்பாடே இல்லை. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு கழிவது அதனால்தான். நாய் சோறு தின்றும் பிழைத்துக்கொள்ளும், பூனை அப்படியில்லை. டாரின் என்று ஒரு சத்து அதற்குக் கறியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைத்தாகவேண்டும். அரிசியிலும் காயிலும் அது கிடையாது. மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் விழித்திரை கெடும், இதயம் தளர்ந்து பெரிதாகிவிடும். என் முதல் பூனையைத் தயிர்சோறும் பாலும் கொடுத்துத்தான் வளர்த்தேன். மூன்றாவது வயதில் சுவரில் முட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் என் காலடிச் சத்தத்தை வைத்தே வீட்டுக்குள் நடமாடியது.

இப்போது என்னிடம் நான்கு பூனைகள். கறிக்கடையில் கோழி இதயமும் தொடைக்கறியும் சொல்லி வைத்து வாங்குகிறேன். இதயத்தில் டாரின் அதிகம். கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றவேண்டும், டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு சின்னத் துண்டு போதும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ கூடிப்போய் எலும்பு இறுகிவிடும். ஜிலேபி மீனோ சாளையோ கிடைத்தால் வேகவைத்து முள் எடுத்துப் போடுகிறேன். பச்சைச் சாளை வேண்டாம், அதில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது, வெந்தால் அது போய்விடும். கருவாட்டில் உப்பு அதிகம், விட்டுவிடுங்கள். இதையெல்லாம் செய்தாலும் வீட்டுச் சமையலில் ஏதாவது சத்து விட்டுப்போகும். அதனால் நான் பாதிக்குப் பாதி கடையில் விற்கும் பூனை உணவும் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் ஞாயிறு மட்டும் கறி என்றால் மற்ற நாளுக்கு அந்தப் பாக்கெட்தான் சரி. மாமியாருக்கும் சங்கடம் இருக்காது. ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

இன்னொன்று. வீட்டில் டோலோ, கால்பால் எதுவாக இருந்தாலும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலை உடைத்து வெளியே தள்ளும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. என் தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்தார்கள். முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மறுநாள் காலையில் போய்விட்டது. நாய்க்கு என்று வாங்கும் உண்ணி மருந்தும் அப்படித்தான். பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் பூனை இருக்கும் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இயற்கையாக ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் ஒரு தொட்டியில் அருகம்புல் வளருங்கள், அதுவே கடித்துக்கொள்ளும். குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள், சிட்டு அதில் புரண்டு புரண்டு கிறங்கிப்போவாள். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வந்ததே அதனால்தான். விளையாட மட்டும் கொடுங்கள், சாறு பிழிந்து வாயில் ஊற்றவேண்டாம்.

யானைமலை அடிவாரம்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். எர்லிக்கியாதான். தட்டணு 32 ஆயிரம் இருந்தது, குறைந்தது இரண்டு லட்சம் இருக்கவேண்டுமாம். ரத்தம் ஏற்றும் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டான் என்றார் மருத்துவர். பூண்டைப் பற்றிச் சொன்னேன், திட்டவில்லை, எழுதிக்கொண்டார். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், நடுவில் தேறிவிட்டான் என்று நிறுத்தக்கூடாதாம். உண்ணிக்கு வாயில் கொடுக்கும் மாத்திரை ஒன்று கொடுத்தார், மூன்று மாதம் நிற்குமாம். ரோமத்தில் ஒன்றும் ஒட்டாது, பிள்ளை தொட்டாலும் பயமில்லை என்று அவர் சொன்னதும் மாமியாரும் சரி என்றுவிட்டார்.

இன்று காலையில் வேகவைத்த கோழியும் பரங்கிக்காயும் சேர்த்துப் பிசைந்து வைத்தேன். பாதி சாப்பிட்டான். சால்னாவுக்குப் பதிலாக முட்டை ஓடு எடுத்து வருவதாகக் கொழுந்தனார் சொல்லியிருக்கிறார்.

மேலூர் ரோடு:

அக்கா, மணி பிழைத்ததில் பெரிய நிம்மதி. பினாயில் விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் நிறுத்திவிட்டோம். அய்யா, ஒரு சந்தேகம். மாத்திரை கொடுத்தபிறகும் வீட்டில் உண்ணி ஊர்கிறதே, ஏன்?

வாடிப்பட்டி பெரியவர்:

மணி பாதி சாப்பிட்டான் என்று படித்ததும் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

தம்பி, உண்ணி நாயின் மேல் குடியிருப்பதில்லை. ரத்தம் குடித்ததும் இறங்கிவிடும். பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். பொரித்த குஞ்சு, அடுத்த பருவம், பெரியது என்று மூன்று தடவையும் நாயைத் தேடி ஏறி, குடித்து, இறங்கும். மாத்திரை போட்ட நாயைக் கடித்த உண்ணி செத்துவிடும், ஆனால் சுவரில் இருப்பது தீர இரண்டு மூன்று மாதம் ஆகும். நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரைக்குமாவது வெடிப்பைச் சிமென்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு காயும்வரை நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். சாக்கை எரித்துவிட்டுத் துவைக்கக்கூடிய பழைய வேட்டியை விரித்து, வாரம் இரண்டு தடவை கொதிநீரில் போடுங்கள். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடவேண்டும். மண்ணெண்ணெய் தடவிப் பிடுங்குவது வேண்டாம், தோல் வெந்துவிடும்.

தாயி, பத்தாவது நாள் தட்டணுவை மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பார்கள். எண் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.